எடை திரும்பியது, பலம் திரும்பவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2021ஆம் ஆண்டில் கோவிட்-19 தொற்று முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து மீண்டவர் என் அண்ணன். ஒன்பது கிலோ இறங்கி வீடு திரும்பியவருக்கு நான்கே மாதத்தில் அவ்வளவும் ஏறிவிட்டது. பார்க்க வந்த உறவினர்கள், "நன்றாக உடம்பு போட்டுவிட்டாரே" என்று மகிழ்ந்தார்கள். ஆனால், பினாங்கின் ஆயர் ஈத்தாமில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதான ஒரு நாள், இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூன்று முறை படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடும் தொற்றின்போது உடலில் எழும் அழற்சி தசைப் புரதத்தைச் சிதைக்கிறது. அசையாமல் படுத்திருப்பதும், சாப்பாடு இறங்காததும், நுரையீரலைக் காக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தும் அந்தச் சிதைவை மேலும் கூட்டுகின்றன. நோயற்ற முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்து ஆராய்ந்தபோது, கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்திருந்தது. பிறகு கஞ்சியும் பிஸ்கட்டும் சீனி கலந்த மைலோவுமாகத் தேற்றும்போது, இழந்த தசையின் இடத்தில் கொழுப்பே முந்திக்கொண்டு சேர்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். உண்ட உணவின் சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்குவது தசையே என்பதால், நீரிழிவு மிகுந்த நம் சமூகம் இதை வெறும் களைப்பென்று தள்ளிவிட முடியாது.

இதைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், தசையின் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று ஆசிய சார்கோபீனியா (தசையும் அதன் பலமும் குறையும் நிலை) பணிக்குழு 2019இல் வரையறுத்துள்ளது. கெண்டைக்கால் சுற்றளவு ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் குறைந்தால் மேலும் சோதிக்க வேண்டும். இதற்குத் தையல் நாடா போதும். அண்ணனுக்கு 19 விநாடி ஆனது. அதைக் கைப்பேசியில் கணக்கெடுத்தது என் மகள். எந்த மருத்துவமனையும் அல்ல.

நோயிலிருந்து மீளும் முதியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பதோ சுமார் 6 கிராம். ஆகவே மீன், கோழி, பருப்பு, சோயாவில் செய்யும் தவ்பு, தெம்பே என ஒவ்வொரு வேளையிலும் ஏதேனும் இருக்க வேண்டும் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது). தண்ணீர்மலைப் பூங்காவில் காலை நடை நல்லதுதான். ஆனால் தொடைத் தசை வலுப்பெற, எழுந்து அமர்வது, படி ஏறுவது, சிறு எடை தூக்குவது போன்ற பயிற்சிகளும் வேண்டும். மறுநாள் களைப்பு மிகுந்தால் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் வீடு திரும்பியபோது கையில் கொடுத்த தாளில் மாத்திரைகளின் பெயரும் அடுத்த சந்திப்பு நாளும் மட்டுமே இருந்தன. இனியாவது கடும் தொற்றிலிருந்து மீண்டு வீடு செல்வோருக்கு இந்த நாற்காலிச் சோதனையைச் செய்து, முடிவை அத்தாளில் குறித்து, உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம் அனுப்பவும், உணவுக் குறிப்பைத் தமிழிலும் வழங்கவும் சுகாதாரத் துறையினர் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு