அடுப்பு யாருக்கு?

அண்ணே,

வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. காலை பதினொன்றரைக்கு டோக்கன் போட்டிருக்கிறது. மூன்று வருஷமாக நான் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கிலேயே நிற்பதால் இங்கே எழுதுகிறேன். இதை நீ படிக்கிறாய் என்று அண்ணி ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

வீட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பரணை ஒழித்தபோது அப்பாவின் டிரங்குப் பெட்டியில், வெள்ளை வேட்டிக்கு அடியில், நான்காக மடித்த ஒரு முரட்டுக் காகிதம் கிடைத்தது. கொழுப்புக் கறை பட்ட இடமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து லாக்ஹார்ட் ஊரில் கறி வைத்துக் கொடுத்த காகிதம். இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். எடுத்து மோந்து பார்த்தேன். புகை வாசனை எல்லாம் இல்லை, அந்துருண்டை வாசனைதான். அதற்கப்புறம் அன்று ஒரு வேலையும் ஓடவில்லை.

2009 ஜூன். வெயில் நம்ம விருதுநகர் வெயிலேதான். 'இதுக்கா இவ்வளவு தூரம் பறந்து வந்தோம்' என்று அப்பா முனகிக்கொண்டே வந்தார். ஆஸ்டினிலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் தெற்கே, 183-ஆம் நெடுஞ்சாலை. நீ எங்களை அருங்காட்சியகத்துக்கெல்லாம் கூட்டிப்போய்ச் சலித்துப்போயிருந்தாய். சனிக்கிழமை காலையில், 'அப்பா, உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்குப் போவோம்' என்றாய். அவர் கோயில் என்று நினைத்து வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஸ்மிட்டீஸ் மார்க்கெட் என்கிற சுட்ட கறிக்கடையின் பின்வாசல் வழியாக நுழைந்தோம். உள்ளே நுழைந்ததும் கண் தெரியவில்லை, அவ்வளவு கரி. சுவர், கூரை எல்லாம் நம் பாட்டி வீட்டு அடுப்படி மாதிரி. செங்கல் கட்டிய நீள அடுப்பு, அதன் முனையில் தரையிலேயே ஓக் கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. தடுப்பு, வேலி ஒன்றும் கிடையாது. வாடிக்கையாளர் வரிசை அந்த நெருப்பை ஒட்டித்தான் நகர வேண்டும். அப்பா காலைச் சுற்றி வேட்டி. 'மடிச்சுக் கட்டுங்கப்பா' என்றாய். 'வேத்து ஊருல, பொம்பளைங்க நிக்கிற எடத்துல மடிச்சுக் கட்ட மாட்டேன்' என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் நீ செய்ததுதான். ஒன்றும் பேசாமல் குனிந்து, அவர் வேட்டியின் பின்கரையை இரண்டு கையாலும் கொஞ்சமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாய். வரிசை நகர நகர அப்படியே நகர்ந்தாய். இருபது நிமிஷம் இருக்கும். உன் ஆபீஸ் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தொப்பி போட்ட ஒரு பெரியவர் உன்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் சிரித்தேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவர் பார்வையெல்லாம் கறி வெட்டுகிறவன் கையில்.

அந்த இருபது நிமிஷத்துக்காக உன்னை எத்தனையோ தடவை மன்னித்திருக்கிறேன். அப்பா படுக்கையில் கிடந்த பதினான்கு மாதமும் அந்தக் காட்சியை நினைத்துத்தான் ஓட்டினேன். ஆனால் வேட்டிக் கரையைப் பிடிப்பது இருபது நிமிஷ வேலை. அந்த வேட்டியைத் தினம் இரண்டு தடவை துவைப்பது வேறு. சரி, விடு.

தராசில் நிறுத்து, காகிதத்தில் வைத்து, கூடவே வெள்ளை ரொட்டியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். தட்டு இல்லை. 'நம்ம ஞாயித்துக்கிழமை கறிக்கடைதான்டா இது. என்ன, இவன் சுட்டுக் குடுக்குறான்' என்றார் அப்பா. உண்மையும் அதுதானே. அந்தப் பக்கத்துக் கடைகள் பலவும் கறிக்கடையாகத்தான் தொடங்கியிருக்கின்றன. விற்காமல் மிஞ்சியதை ஜெர்மன், செக் கசாப்புக்காரர்கள் புகையில் வாட்டி விற்றதும், பருத்தி எடுக்க வந்த கூலிக்காரர்கள் அதைக் காகிதத்திலேயே வைத்துச் சாப்பிட்டதும்தான் ஆரம்பம். கறி வாங்கப் போனால் பக்கத்திலேயே நின்று 'நெஞ்செலும்பு போடு' என்று அதட்டுகிற மனுஷருக்கு வேறு எந்த இடம் பிடிக்கும்? பழைய நாளில் மேசைக்கு மேசை கத்தியைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள் என்றதும், அந்தச் சங்கிலி இருந்த தடத்தைத் தேடி ஒவ்வொரு பலகையாகத் தடவிக்கொண்டே போனார்.

அன்று அவர் என்ன கறி சாப்பிட்டார் என்பதை இங்கே எழுத மாட்டேன். சித்தப்பா வீட்டில் எல்லோரும் இதைப் படிப்பார்கள். அவருடைய பல் செட்டுக்கு ஏற்றமாதிரி நீ அதை நார் நாராகப் பிய்த்துக் கொடுத்தாய், அவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். இவ்வளவு போதும்.

திரும்பும் வழியில் நீ சொன்ன கதையை நான் அரைத் தூக்கத்தில்தான் கேட்டேன். போன மாதம் தேடிப் படித்தேன். 1900-இல் சார்லஸ் கிரைட்ஸ் என்பவர் தொடங்கிய கறிக்கடை, 1948-இல் எட்கர் ஷ்மிட் என்கிற ஸ்மிட்டியின் கைக்கு வந்திருக்கிறது. அவர் தொழிலை மகன்களுக்கு விற்றார், கட்டடத்தை மகளுக்கு எழுதினார். அவர் இறந்தது 1990-இல். வாடகை ஒப்பந்தம் முடிந்தபோது பேச்சு ஒத்துவரவில்லை. 1999 செப்டம்பரில் மகன் ரிக் ஷ்மிட் கடையின் பெயரை எடுத்துக்கொண்டு கால் மைல் தள்ளிப் புதிய கட்டடத்துக்குப் போனார். மகள் பழைய கட்டடத்தில் தன் அப்பாவின் செல்லப்பெயரில் கடை திறந்தார். அதே வருஷம்தான் டெக்சாஸ் பிரதிநிதிகள் சபை அந்த ஊரை மாநிலத்தின் பார்பிக்யூ, அதாவது சுட்ட கறித் தலைநகரம் என்று அறிவித்திருக்கிறது. வேடிக்கைதான்.

'அண்ணனும் தங்கச்சியும் சண்டை போட்டு ஊரையே ரெண்டாக்கிட்டாங்க' என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. அப்படி ஆகவில்லை. இரண்டு கடையிலும் கூட்டம்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. 'அப்போ அடுப்பு யாருக்கு?'

பழைய அடுப்பிலிருந்து தணலை ஒரு டப்பில் அள்ளிப் போட்டு, மகன் தெரு வழியாக இழுத்துக்கொண்டுபோய்ப் புது அடுப்பை மூட்டினார் என்று சொன்னாய். அப்பா 'ம்' என்றார். ஆஸ்டின் வரும்வரை வாயே திறக்கவில்லை. அன்றைக்கே மனசில் ஏதாவது முடிவு செய்தாரா என்று இப்போது யோசிக்கிறேன். இருக்காது. அவருக்கு வெறும் வயிற்று மந்தமாகவும் இருந்திருக்கலாம்.

உயில் விஷயம் எனக்கு முன்பே தெரியும் அண்ணே. இதை உன்னிடம் சொன்னதில்லை. சொல்லாதது தப்பு. சொல்லியிருந்தால் நீ அவரிடம் போனிலேயே சண்டை போட்டிருப்பாய், அவர் இருந்த நிலையில் அதைத் தாங்கியிருக்க மாட்டார். அதனால் சொல்லவில்லை. இல்லை, அது மட்டும் காரணமில்லை. எனக்கு அந்த வீடு வேண்டும் என்றும் இருந்தது. உன் படிப்புக்கு எதெல்லாம் விற்றார்கள் என்று உனக்குத் தெரியும், நான் எதற்காகப் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றேன் என்பதும் தெரியும். அதற்கு மேல் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதக்கூடாது.

பதினாறாம் நாள் வீடியோவில் நீ என்னைச் சொன்ன வார்த்தையையும் எழுத மாட்டேன். மறக்கவும் மாட்டேன்.

கிரயப் பணத்தில் பாதி உன் பெயருக்கு வரும். கொடுக்க வேண்டியதில்லை என்று வக்கீல் சொன்னார், இவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். உன் வங்கி விவரத்தை அண்ணியிடம் கொடுத்து அனுப்பு. வேண்டாம் என்று பெரிய மனுஷத்தனம் காட்டாதே, எரிச்சலாக வரும்.

அந்தக் காகிதத்தின் ஓரத்தில் அப்பா பென்சிலால் கணக்குப் போட்டிருக்கிறார். பவுண்டைக் கிலோவாக்கி, டாலரை ரூபாயாக்கி, கடைசியில் வந்த தொகைக்குக் கீழே இரண்டு கோடு. பக்கத்தில் 'அநியாயம்' என்று எழுதி அடித்துவிட்டு, 'பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறார்.

அதை நான் வைத்துக்கொள்கிறேன். அதில் உனக்குப் பாதி கிடையாது.