ஜெயாவுக்கு, மிளகாய் விதையோடு

பரமக்குடி,
ஆனி கடைசி வாரம்

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஸ்ரீரங்கத்து வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறியதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. முப்பது வருடம் வாடகை வீட்டில் இருந்தவள் நீ. இனி ஒரு ஆணி அடிக்கக்கூட யாரிடமும் கேட்க வேண்டாம். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் நல்ல செய்தி. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு எண்பத்தொன்று ஆகிறது. காது மந்தமாகிவிட்டது, ஆனால் கண்ணும் கையும் இன்னும் ஓயவில்லை. முறத்தைக் கொடுத்தால் உட்கார்ந்த இடத்தில் இரண்டு கிலோ வத்தலைக் காம்பு கிள்ளிவிடுவாள்.

சரி, மிளகாய்க்கு வருகிறேன். மாடியில் வைக்க நீ எழுதி அனுப்பிய பட்டியலில் பன்னிரண்டு ரகம் இருக்கிறது. குண்டூர், பியாட்கி, கார்த்திக் வாங்கித் தந்த பூத் ஜோலோக்கியா என்று ஆசையாக எழுதியிருக்கிறாய். ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் என்னைக் கேட்டால் நாலு ரகம் போதும். எது அதிகக் காரம், எது பெயர் பெற்றது என்று பார்க்காதே. உன் சமையலறையில் எது தினமும் செலவாகிறது, கடையில் நல்லதாகக் கிடைக்காதது எது, இந்த இரண்டை மட்டும் பார்.

முதலில் ஒரு கணக்கு. ஏறக்குறைய நாலு கிலோ பழம் காய்ந்தால்தான் ஒரு கிலோ வத்தல். என் மாடியில் ஒரு பைச் செடி ஒரு பருவத்துக்கு அரைக் கிலோ காய் தந்தால் அதை நல்ல செடி என்பேன். அப்படியென்றால் ஒரு கிலோ வத்தலுக்கே எட்டுச் செடி வேண்டும். உன் வீட்டுச் சாம்பார் பொடிக்கும் குழம்புப் பொடிக்கும் வருடத்துக்கு மூன்று கிலோவாவது போகும். அதனால் வத்தலுக்கென்று பெயர் வாங்கிய ரகங்களை மாடியில் வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். பியாட்கி நல்ல மிளகாய்தான். காரம் குறைவு, நிறம் அள்ளும். ஆனால் ஹாவேரி பக்கத்துக் கரிசல் மண்ணில் ஏக்கர் கணக்கில் விளைகிற அதை இரண்டு பையில் வைத்து உனக்கு என்ன கிடைக்கும்? குண்டூரும் அப்படித்தான். இந்த இரண்டையும் வத்தலாகவே கடையில் வாங்கிக்கொள்.

நாலு ரகத்தில் முதலாவது பச்சை மிளகாய், அதன் விஷயம் வேறு. அது தினமும் வேண்டும். கடையில் வாங்குவது நாலு நாளில் வதங்கிவிடும், மருந்து அடித்த பயமும் இருக்கிறது. இரண்டு செடி இருந்தால் மூன்று பேருக்குத் தாராளம். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வந்த கே 1, கே 2 இரண்டுமே நம் வெயிலுக்குப் பழகிய ரகங்கள், எது கிடைத்தாலும் வை. பாக்கெட்டில் 'வீரிய ஒட்டு' என்று போட்டிருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். காய் நன்றாகவே காய்க்கும், ஆனால் அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த முறை அதே குணம் வராது.

இரண்டாவது காந்தாரி. நாகர்கோவில்காரிக்கு நான் காந்தாரியைப் பற்றிச் சொல்லவா! விடுதியில் நீ உப்புத் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்த அந்தப் பாட்டிலை நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மரச்சீனிக்கிழங்கை அவித்து, காந்தாரியைச் சின்ன வெங்காயத்தோடும் உப்போடும் நசுக்கி, மேலே தேங்காயெண்ணெய் ஊற்றித் தருவாய். கண்ணில் தண்ணீர் வரவர நாலு பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம். அந்த மணம் வேறு எந்த மிளகாயிலும் இல்லை. ஸ்ரீரங்கம் கடைத்தெருவில் நல்ல காந்தாரி சுலபத்தில் கிடைக்காது, அதனால் நீ வளர்த்தே ஆக வேண்டும். ஒரு தடவை பிடித்துக்கொண்டால் மூன்று நாலு வருடம் நிற்கும். முழு வெயிலும் வேண்டியதில்லை. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் என்று எழுதியிருந்தாயே, அந்த மூலையில் வை. விதை முளைக்க மட்டும் பொறுமை வேண்டும். பச்சை மிளகாய் பத்து நாளில் எட்டிப் பார்த்துவிடும், இது மூன்று வாரம்கூட எடுத்துக்கொள்ளும். முளைக்கவில்லை என்று கொட்டிவிடாதே.

உங்கள் வீட்டில் காந்தாரியை யாரும் விதைப்பதில்லை, குருவி போடுவதுதான் முளைக்கும் என்று சொல்வாயே, அது நிஜம். நம் நாக்கில் எரிச்சலை உணர்த்துகிற ஏற்பி பறவைகளுக்கு அந்தக் காரத்தில் தூண்டப்படுவதில்லை. கொண்டைக்குருவி பழத்தை விழுங்கிவிட்டுப் போய்விடும், விதை கெடாமல் வெளியே வந்து விழும். அந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அம்மாவிடம் சொன்னேன். "குருவிக்கு உறைக்காதுன்னு தெரிஞ்சுக்க இத்தனை பேரு பாடுபட்டாங்களா?" என்று கேட்டாள்.

மூன்றாவது மோர் மிளகாய்க்கு. கட்டையாகக் குடம்போல் இருக்கும் சிறிய ரகம். தஞ்சாவூர்ப் பக்கம் இதையே குடமிளகாய் என்பார்கள், பெரிய கேப்சிகத்தோடு குழப்பிக்கொள்ளாதே. இதில் நாலு செடி வை. மோர் மிளகாய் போட ஒரே நேரத்தில் கை நிறையக் காய் வேண்டும், ஒன்றிரண்டு செடி பற்றாது. காம்பை விடாமல் நுனியில் கீறி, புளித்த மோரில் உப்பும் கொஞ்சம் வெந்தயப் பொடியும் கலந்து ஊறப்போடு. பகலில் வெயிலில் காயவைத்து ராத்திரி மறுபடி அதே மோரில் போடு. நாலு நாளில் மோர் முழுவதும் மிளகாய்க்குள் போய்விடும். அப்புறம் சருகாகும்வரை காய்ச்சல் கொடு. காரம் அதிகம் என்று அண்ணன் சொன்னால், கீறும்போதே உள்ளே நடுவில் இருக்கும் வெள்ளைச் சதையைக் கொஞ்சம் சுரண்டிவிடு. காரம் ஊறுவது அதில்தான். விதைதான் காரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு, வெள்ளைச் சதை ஒட்டுவதால் விதையும் உறைக்கிறது.

பூத் ஜோலோக்கியாவைப் பற்றிக் கார்த்திக்கிடம் பக்குவமாகச் சொல். 2007-ல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது அது, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் பத்து லட்சத்துக்கு மேல். அஸ்ஸாமிலும் நாகாலாந்திலும் அதற்கென்று ஒரு சமையல் இருக்கிறது. பன்றி இறைச்சிக்கும் மூங்கில் குருத்துக்கும் அது பொருந்தும். நம் சாம்பாரிலும் துவையலிலும் அதற்கு இடமில்லை. பிள்ளை ஆசைப்பட்டால் ஒரே ஒரு பை வைக்கட்டும், பறிக்கும்போது கையுறை போடட்டும்.

நாலாவது முண்டு. வத்தல் மிளகாயை மாடியில் வைக்காதே என்று மேலே எழுதிய நானே இதை வைக்கச் சொல்கிறேன், அதனால் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

ராமநாதபுரம் முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். குண்டாக, கோலிக்குண்டுக்குக் கொஞ்சம் பெரிசாக, தோல் தடித்து இருக்கும். நன்றாகக் காய்ந்த முண்டு வத்தலைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். முதுகுளத்தூர், கமுதி பக்கம் புரட்டாசி மழையை நம்பி விதைத்து, மாசி பங்குனியில் பழம் பறித்துக் களத்தில் பரப்புவார்கள். காயும்போது ஒரு மழை விழுந்தாலும் போச்சு, தோலில் வெள்ளை விழுந்துவிடும், வியாபாரி பாதி விலைதான் கேட்பார். சின்ன வயதில் மாசி மாதம் மேகம் கறுத்தால் பள்ளிக்கூடத்திலிருந்து களத்துக்கு ஓடியிருக்கிறேன்.

எங்கள் நிலம் கைவிட்டுப் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. விதை மட்டும் அம்மாவிடம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஆறு செடி மாடியில் போட்டு விதையைப் புதுப்பித்து வைக்கிறோம். இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் மிளகாய் விதைக்கு முளைப்பு குறைந்துவிடும், அதனால் விடக்கூடாது.

மூன்று வருடத்துக்கு முன் நான் ஒரு தவறு செய்தேன். பஜ்ஜி போட ஆகுமே என்று முண்டுச் செடிக்கு இரண்டடி தள்ளிப் பஜ்ஜி மிளகாய் இரண்டு வைத்தேன். அந்த வருடம் ஒரு வித்தியாசமும் இல்லை, முண்டு முண்டாகவே காய்த்தது. பக்கத்தில் வேறு மிளகாய் இருந்தால் இந்த வருடக் காயே காரம் மாறிவிடும் என்பார்கள், அப்படி மாறாது. தேனீ கலந்த மகரந்தம் விதைக்குள்தான் உட்காரும். அந்த விதையை அடுத்த ஆவணியில் நட்டோம். ஆறில் இரண்டு செடியில் காய் நீண்டு, தோள் சரிந்து, நுனி கூராக வந்தது. அம்மா ஒரு காயைப் பறித்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். "இது நம்மது இல்ல" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நல்லவேளை, அதற்கு முந்தின வருடத்து விதை சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து இருந்தது. அதில் பாதிதான் முளைத்தது, அதை வைத்துத்தான் மீட்டோம்.

அதனால் விதைக்கென்று ஒரு கிளையைப் பார்த்து, மொட்டு விரியும் முன்பே பழைய கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டிவிடு. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், காலையில் கிளையை மெல்ல ஒரு தட்டுத் தட்டினால் போதும். பிஞ்சு பிடித்ததும் துணியை எடுத்துவிட்டு, அந்தக் காய்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டு. இல்லாவிட்டால் சமையலுக்குப் பறித்துவிடுவாய். செடியிலேயே நன்றாகப் பழுத்த பிறகு எடுத்து நிழலில் உலர்த்து. அம்மா இன்னொன்றும் செய்வாள். எல்லாப் பழத்திலும் விதை எடுக்க மாட்டாள். இரண்டாம் மூன்றாம் பறிப்பில், நோய் தாக்காத செடியில், உருண்டையாக இருப்பதை மட்டுமே தேர்ந்தெடுப்பாள்.

மிளகாயே நம் நாட்டுச் செடி இல்லை, ஜெயா. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்ச்சுகீசியரின் கப்பலில் வந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான், புதிதாக வந்த காய்க்கு அந்தப் பெயரையே நீட்டி வைத்துக்கொண்டோம். இப்படி வந்த செடியை எங்கள் பக்கத்து வறண்ட மண்ணில் முண்டாக ஆக்கியது, அம்மாவைப்போல வருடாவருடம் முறத்தின் முன் உட்கார்ந்து இது வேண்டும், இது வேண்டாம் என்று பொறுக்கிய கைகள்தான். அந்த விதை என் ஒரு வீட்டில் மட்டும் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு மழை, ஒரு எலி போதும். அதுதான் உன்னிடம் இரண்டு செடி வைக்கச் சொல்கிறேன்.

வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடி பிறந்ததும் நாற்று விடு. திருச்சி வெயிலில் சித்திரையில் பூத்தால் பூவெல்லாம் கொட்டிவிடும். இப்போது விட்டால் முப்பத்தைந்து நாற்பது நாளில் பைக்கு மாற்றிவிடலாம், ஐப்பசி கார்த்திகையில் காய்க்கத் தொடங்கும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய உரம் மூன்றும் சமபாகம். பைக்கு அடியில் செங்கல் வை, மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும்.

இலை சுருண்டால் பதறாமல் திருப்பிப் பார். ஓரம் மேல்நோக்கிப் படகுபோல மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் ஆரம்பத்திலேயே லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி சாயங்காலம் அடி. செடியே குன்றி, இலை சின்னச் சின்னதாகச் சுருங்கிக் கொத்தாக நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி. இரக்கம் பார்க்காமல் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்து.

இதோடு இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன். வெள்ளைத் துணியில் முடிந்தது முண்டு, நாற்பது விதை இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் போடாதே, பாதியை மூடி போட்ட பாட்டிலில் வைத்துக்கொள். தாளில் மடித்தது மோர் மிளகாய். முடிச்சைப் போட்டது அம்மா. "பிள்ளை பத்திரமா வச்சுக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். உன்னை இன்னும் விடுதியில் பார்த்த பிள்ளையாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். வச்சுக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

காந்தாரி விதை என்னிடம் இல்லை. ஆவணியில் ஊருக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் கிணற்றடிச் செடி இன்னும் நிற்கிறதா? நின்றால், நன்றாகச் சிவந்ததாகப் பார்த்து எனக்கும் நாலு பழம் எடுத்து வை. குருவி முந்திக்கொள்ளும் முன்னால்.

அன்புடன்,
சாந்தி