பழி இசையமைப்பாளருக்கு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பின்னணி இசை பற்றிய கட்டுரையைப் படித்தேன். எந்தப் படத்துக்குப் போனாலும் ஒரே மாதிரி முழக்கம்தான் என்ற குறை நியாயமானது. ஆனால் பழியை மொத்தமாக இசையமைப்பாளர் தலையில் போட்டிருக்க வேண்டாம். எடிட்டிங் அறையில் வேலை பார்ப்பவன் சொல்கிறேன், கோளாறு பெரும்பாலும் அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

தொகுக்கும்போது காட்சி மொட்டையாகத் தெரியக் கூடாதென்று வேறு ஏதாவது படத்தின் இசையை எடுத்து ஒட்டி வைப்பார்கள். டெம்ப் ட்ராக் என்போம். வாரக்கணக்கில் அதையே கேட்டு இயக்குநருக்குக் காது பழகிவிடும். இசையமைப்பாளர் வந்து உட்கார்ந்ததும், "இதே மாதிரி வேணும், ஆனா இதுவா இருக்கக் கூடாது" என்பார். மனுஷன் என்னதான் செய்வார்?

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. படம் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ஒட்டிய இசையின் தாளம் நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், ஒரு தட்டுக்கு 12 ஃப்ரேம். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததுக்கு மாறும் வெட்டுகளும் தானாகவே அந்தத் தட்டில் வந்து விழ ஆரம்பித்துவிடும். அப்புறம் அதே காட்சிக்கு நிதானமாக 90-இல் ஒன்று எழுதிப் பார்த்தால், தட்டுக்கு 16 ஃப்ரேம் ஆகிறது. பல வெட்டுகள் தாளத்தை விட்டு நழுவும். "என்னமோ இடிக்குதே" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். மெட்டை மாற்றலாம், வேகத்தில் கை வைக்க முடியாது.

1968-இல் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்காக அலெக்ஸ் நார்த் இசை எழுதி ஒலிப்பதிவும் செய்தார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோ தான் ஒட்டி வைத்திருந்த செவ்வியல் இசையோடு இருந்துவிட்டார். தன் இசை படத்தில் இல்லை என்பது நார்த்துக்குத் திரையிடலின்போதுதான் தெரிந்தது. படம் பிரமாதமாக அமைந்துவிட்டதுதான் வம்பு. ஒட்டுகிறவர்களுக்கெல்லாம் அது நல்ல சாக்காகிவிட்டது!

அதே ஆண்டு வந்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' படத்தில் வேலை தலைகீழாக நடந்தது. எனியோ மோரிகோனே முக்கியமான இசையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க, இயக்குநர் செர்ஜியோ லியோனே அதைப் படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலிக்கவிட்டு நடிக்க வைத்தார். எல்லோருக்கும் இது வாய்க்காது, சரி. திரைக்கதை கையில் இருக்கும்போதே இசையமைப்பாளரிடம் நாலைந்து மெட்டு வாங்கி, எடிட்டிங்கில் அதையே ஒட்டலாமே?

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது படத்தொகுப்பாளர் ஒருவரிடமும் பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பு உதவியாளர்