பழைய கார் எஞ்சினுக்குப் புது டேப்பெட் வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பது ஆண்டைக் கடந்த வாகனங்களுக்கு 'வி.ஏ.' வரிசையில் தனிப் பதிவெண் தரும் மோட்டார் வாகன விதி 2021-இல் வந்தது. எஞ்சினிலோ சேஸியிலோ பெரிய மாற்றம் செய்யாமல் பழைய வடிவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நல்ல விதி. ஆனால் பழைய எஞ்சினைப் பழையபடியே ஓட்ட வேண்டுமென்றால் அதற்குள் போடும் சாமான் தரமாக இருக்க வேண்டுமே. சந்தையில் இன்று அதற்குத்தான் பஞ்சம்.

1489 சி.சி. அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். அதில் வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்ட்டின் மேல் உட்கார்ந்து, புஷ்ராடு என்ற தண்டைத் தள்ளும் டேப்பெட்டுகள் எட்டு. டேப்பெட்டின் அடிப்பரப்பு கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் இம்மியளவு புடைத்திருக்க வேண்டும். கேம்ஷாஃப்ட்டில் அதைத் தூக்கும் கேம் முகடும் லேசான சரிவோடு கடையப்பட்டிருக்கும். இவை இரண்டும் சேர்ந்தால்தான் டேப்பெட் சுழன்றுகொண்டே ஏறி இறங்கும், தேய்மானம் பரவலாகும். இப்போது பெட்டியில் வரும் பல செட்டுகளில் அடி சப்பட்டையாகவே இருக்கிறது. மேல்தோல் மட்டும் மெல்லிசாகக் கடினப்படுத்தப்பட்டு, உள்ளே மெத்தென்ற இரும்பு. அது சுழலாமல் ஒரே இடத்தில் உரசுகிறது. சில நூறு கிலோமீட்டரிலேயே குழி விழுகிறது. பிறகு கேம் முகடு கரைகிறது.

வால்வுக்கு மேல் விடும் டேப்பெட் இடைவெளி வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போவதும், கார்புரேட்டர் வழியாகத் 'தப் தப்' என்று காற்று திருப்பி அடிப்பதும் இதன் அறிகுறிகள். பல பட்டறைகளில் இந்தச் சத்தத்தைக் கேட்டதும் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். அதற்குப் பதில் டயல் கேஜ் வைத்து எட்டு புஷ்ராடும் எவ்வளவு உயர்கின்றன என்று ஒப்பிட்டாலே குற்றவாளி எது என்று தெரிந்துவிடும். கரைந்த இரும்புத் தூள் ஆயிலோடு சுற்றி ஆயில் பம்பையும் பேரிங்கையும் தின்னும். கேமையும் டேப்பெட்டையும் மட்டும் மாற்றிவிட்டு மூடினால் அடுத்த செட்டும் அதே கதிதான். எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி, ஆயில் வழிகளையெல்லாம் கழுவியே ஆக வேண்டும்.

வாங்கும்போதே கண்டுபிடிக்க வழியுண்டு. இரண்டு டேப்பெட்டை அடியோடு அடி சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஓரத்தில் ஒளி கசிந்து, லேசாக ஆடினால் புடைப்பு இருக்கிறது. அடியோடு அடி ஒட்டி நின்றால் திருப்பிக் கொடுங்கள். அடி விளிம்பில் புது அரத்தை ஒரு இழுப்பு இழுங்கள். அது வழுக்க வேண்டும், கடிக்கக் கூடாது. செட்டாக நிறைய வாங்குபவர்கள் ஒன்றை என்.ஏ.பி.எல். (சோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற கூடத்தில் கொடுத்துக் கடினம் பார்த்துவிடலாம். ராக்வெல் சி அளவில் 50-க்குக் கீழே வந்தால் அந்தச் செட்டையே தொட வேண்டாம்.

நல்ல டேப்பெட்டும் முதல் அரை மணி நேரத்தில் கெட்டுவிடலாம். அடியிலும் கேமிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவி, எஞ்சின் பற்றியவுடனே 2000 ஆர்.பி.எம்.மில் இருபது நிமிடம் ஓட விட வேண்டும். ஐடிலில் விடவே கூடாது; கேமுக்கு ஆயில் தெறித்துப் போவது அப்போது மிகக் குறைவு. ஆயிலும் முக்கியம். புதிய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில், தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. இந்த வகைக் கேமுக்கு அது போதாது. துத்தநாகமும் பாஸ்பரஸும் கூடுதலாக உள்ள, 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ரக ஆயில்தான் ஏற்றது.

ஓட்டுபவரை நடுரோட்டில் நிறுத்துவது பற்றவைப்புச் சாமான்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் கறுப்பு ரோட்டார்களில், பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட், அடியிலுள்ள ஷாஃப்டுக்கு மிக நெருக்கமாக இறங்கிவிடுகிறது. இடையிலுள்ள பிளாஸ்டிக் சூட்டில் மின் தாங்கும் வலிமையை இழந்ததும், பொறி பிளக்குக்குப் போகாமல் ஷாஃப்டில் இறங்கிவிடும். காலையில் சட்டென்று கிளம்பும் வண்டி வெயிலில் சிக்னலில் நின்றதும் அணைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காயில் வயரின் நுனியை ரோட்டாரின் நடுத் தகட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி, காப்புள்ள குறட்டால் பிடித்துக்கொண்டு, காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டைத் திறந்து பாருங்கள். பொறி தாவினால் ரோட்டார் போய்விட்டது. பக்கத்தில் பெட்ரோல் ஆவி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிவெட் இல்லாமல் வார்த்த ரோட்டார் கிடைத்தால் அதையே போடுங்கள்.

பாயிண்டோடு சேர்ந்த கண்டன்சர் (மின்தேக்கி) 0.18 முதல் 0.25 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டும். குளிர்ந்த நிலையில் மட்டும் அளந்தால் போதாது, சூடாக்கியும் அளக்க வேண்டும். பாயிண்ட் செட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் கேமைத் தொடும் குதிகால் மட்டமான பிளாஸ்டிக்காக இருந்தால் வேகமாகத் தேயும். 0.38 மி.மீ. வைத்த இடைவெளி சுருங்கி, டைமிங் பின்தங்கி, எஞ்சின் சூடேறும். புது செட் போட்டு 500 கிலோமீட்டரில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து மறுபடி பார்க்கவும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஃபியூவல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் ரப்பர் சவ்வு), எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் வகையில் இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள். பிளாக்கில் பொருத்திய மெக்கானிக்கல் பம்பில் அது கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் இறங்கும். பிஸ்டனையும் மாற்றுவதானால், அது கைக்கு வந்து, மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே பிளாக்கைப் போர் போட (சிலிண்டரைப் பெரிதாகக் கடைய) அனுப்புங்கள்.

சென்னை ஜி.பி. ரோடு வியாபாரிகளுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டயருக்கும் ஹெல்மெட்டுக்கும் இருப்பது போன்ற கட்டாய முத்திரையை நான் கேட்கவில்லை. டேப்பெட், கேம் பெட்டிகளில் உலோக வகை, கடினம், பேட்ச் எண் மூன்றையும் அச்சிடுங்கள். அளவு தவறிய சாமானை, பொருத்தாத நிலையில் மறுபேச்சில்லாமல் திரும்ப எடுங்கள். சாமானின் விலை சில நூறாக இருக்கலாம்; எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி அதைப் போலப் பல மடங்கு, அதை யாரும் திருப்பித் தருவதில்லை.

பெட்டியில் தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளே சொல்கின்றன. வெறும் பிராண்டு படம் மட்டும் உள்ள பெட்டியை வாங்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள்; பில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். போலிப் பிராண்டு ஒட்டுவது 1999 வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

பழைய கார் சங்கங்களும் தனித்தனியாக அலைவதை விட்டு, ஒரே அளவில் சில நூறு டேப்பெட்டுகளுக்குக் கோவை வார்ப்பாலை ஒன்றில் கூட்டாக ஆர்டர் கொடுக்கலாம். குளிர்வார்ப்பு இரும்பு (சில்டு காஸ்ட் அயர்ன்), அடிப் புடைப்பின் ஆரம், கடினச் சான்று ஆகிய மூன்றையும் ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்து, சான்று வந்த பிறகே பணம் தாருங்கள்.

இப்படிக்கு,
எஞ்சின் மெக்கானிக் ஒருவர்,
கோயம்புத்தூர்.