மலைப் பிள்ளைகளுக்கான கல்வி நிதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2018-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் செலவில் மத்திய அரசு 60 விழுக்காடும் தமிழக அரசு 40 விழுக்காடும் ஏற்க வேண்டும். படிப்பில் பின்தங்கியோருக்கான குறைதீர் கற்பித்தல், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்களின் ஊதியம், பேருந்து எட்டாத சேர்வராயன் மலைச் சிற்றூர்கள் போன்ற இடங்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளுக்கான போக்குவரத்து உதவி ஆகியவற்றுக்கு இதில்தான் வழியுண்டு. தேசியக் கல்விக் கொள்கையைப் பின்பற்றும் மாதிரிப் பள்ளிகளுக்கான மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் 2024-25-ஆம் ஆண்டுக்கான ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டதாகக் கூறி, தமிழக அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை நாட நேர்ந்தது வேதனைக்குரியது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் காப்பித் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு, தனிப் பயிற்சியென்று வேறு ஏது? கொள்கைப் பிணக்கு எதுவாயினும், இந்நிதி ஆண்டுதோறும் ஜூன் மாதத்திற்குள் பள்ளிகளை வந்தடைய வேண்டுமென வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஏற்காடு