‘மிக்ஸிங் சரியில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்: கேம் இசை ரீமிக்ஸ்களைக் கேட்டுக் கருத்துச் சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வீடியோ கேம் இசையை முதன்முறையாக ரீமிக்ஸ் செய்து, அதாவது தன் பாணியில் புதிதாக அமைத்து, வெளியே விடுபவருக்கு வரும் பின்னூட்டங்கள் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்று, “செம, கலக்கிட்டீங்க!” மற்றொன்று, “மிக்ஸிங் சரியில்லை, இன்னும் உழைக்கணும்.” (மிக்ஸிங் என்றால் வாத்தியங்களின் ஒலிகளை ஒன்றோடொன்று பொருத்திக் கலப்பது.) மறுநாள் அவர் கணினி முன்னால் உட்காரும்போது இவற்றை வைத்துக்கொண்டு எந்த டிராக்கைத் திறப்பார், எதைக் கூட்டுவார், எதைக் குறைப்பார்? முதல் வரி மனதுக்கு இதம், இரண்டாவது வரி மனதுக்கு வலி. வேலைக்கு இரண்டும் உதவாது. சம்பளமில்லாமல், இரவெல்லாம் கண்விழித்துச் செய்த வேலைக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்கவே இந்த மடல்.

கேட்பது பெரிய விஷயமில்லை. எந்த இடம், என்ன கேட்டது, ஏன் அப்படி இருக்கலாம், எதை முயன்று பார்க்கலாம். இந்த நான்கும் இருந்தால் நான்கு வரிப் பின்னூட்டமே போதும். “மெட்டு எடுபடவில்லை” என்று எழுதுவதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: “1:12-இல் இரண்டாவது கிட்டார் நுழைந்ததும் வயலின் காணாமல் போகிறது. கரகரக்கும் டிஸ்டார்ஷன் கிட்டார் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வயலினின் தெளிவும் அங்கேதான் இருக்கிறது. கிட்டாரில் 2 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு கிட்டாரை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் ஒதுக்கி, நடுவை வயலினுக்கு விடுங்கள்.” காரணம் தெரியாவிட்டால் பரவாயில்லை, இடத்தையும் கேட்டதையும் மட்டும் சொல்லுங்கள். தப்பான காரணத்தை உறுதியாகச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

கேட்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் முறை நிறுத்தாமல், எதையும் குறித்துக்கொள்ளாமல் முழுவதும் கேளுங்கள். எங்கே கவனம் சிதறியது என்பது அந்த ஒரு முறையில்தான் தெரியும். இரண்டாவது முறை கேட்கும்போது காது பழகிவிடும். பிறகு நேரத்தோடு குறிப்பெடுத்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாவது முறை மூல இசையையும் ரீமிக்ஸையும் மாற்றி மாற்றி, ஒலியளவைச் சமமாக்கிக்கொண்டு கேளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதே காதுக்கு நன்றாகப் படும் என்பதால் சமமாக்காத ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. எதில் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். கைப்பேசி ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. அதில் கேட்டுவிட்டு “பேஸ் (தாழ்ந்த ஒலி) இல்லை” என்றால், செய்தவர் நன்றாக இருக்கும் பேஸைக் கூட்டிக் கெடுத்துவிடுவார். ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டாலும் இதே கதைதான். ஒலி குறையும்போது தாழ்ந்த அதிர்வெண்கள் காதுக்கு இன்னும் குறைவாகக் கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

மூல இசையைக் கேட்காமல் கருத்துச் சொல்ல வேண்டாம் என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், கேம் ரீமிக்ஸில் மட்டுமே வரும் தவறுகள் நிறைய அங்கிருந்துதான் கிளம்புகின்றன. 1983-இல் வந்த ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கேம் கருவியின் ஒலிச் சில்லில் மொத்தம் ஐந்தே தடங்கள்: இரண்டு பல்ஸ் (சதுர வடிவ அலை), ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு சாம்பிள் (பதிவு செய்த ஒலித்துண்டு). அதற்குள் ஒரு முழு இசைக்குழுவை அடக்க அந்தக் கால இசையமைப்பாளர்கள் கண்டுபிடித்த உத்திகள் அபாரமானவை. ஆனால் ஒரு மிடி கோப்பை (ஒலி இல்லாமல், எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்புகள் மட்டும் உள்ள கோப்பு) எடுத்து, ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு வாத்தியத்தை மாட்டிவிட்டால், அந்த உத்திகளே பிழைகளாக மாறிவிடும்.

எதிரொலியை எடுத்துக்கொள்ளுங்கள். சில்லில் ரிவெர்ப் (அறையில் பாடியதுபோல் ஒலி மெல்லத் தேய்ந்து அடங்குவது) கிடையாது. அதனால் முதல் பல்ஸ் வாசித்த மெட்டையே இரண்டாவது பல்ஸ் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குறைந்த ஒலியில் வாசிக்கும். காதுக்கு அது எதிரொலி. அந்த இரண்டாவது தடத்தை அப்படியே ஒரு ட்ரம்பெட்டிடம் கொடுத்தால், தாளம் தப்பிய இரண்டாவது ஆள் கூடவே வாசிப்பதுபோல் இருக்கும். ரீமிக்ஸில் “மெட்டு குழம்புகிறது, ஏதோ இடிக்கிறது” என்று தோன்றினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். அந்தத் தடத்தை நீக்கிவிட்டு மெட்டில் ஒரு டிலே (ஒலியைத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கவைப்பது) போட்டாலே போதும், இரண்டாவது வாத்தியம் சொந்தமாக எதிர்மெட்டு வாசிக்க இடமும் கிடைத்துவிடும்.

ஆர்பெஜியோவும், அதாவது சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களை (கோர்டு) ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பதும், இப்படித்தான். ஒரே தடத்தில் மூன்று சுரங்களை நொடிக்கு 60 முறை மாற்றிக்கொண்டே இருந்தால் கோர்டு ஒலிப்பதுபோன்ற மாயம் உண்டாகும். மிடியில் அது நூற்றுக்கணக்கான குட்டிச் சுரங்களாக வந்து விழும். அதைப் பியானோவில் ஓடவிட்டால் நடுக்கம்தான் கேட்கும். அந்த மூன்று சுரங்களையும் சேர்த்து ஒரே கோர்டாக எழுதுவதுதான் சரி. முக்கோண அலைத் தடத்துக்கு ஒலியளவுக் கட்டுப்பாடே இல்லை. சுரம் ஒலிக்கும் அல்லது நிற்கும், அவ்வளவுதான். ஆகவே மூலத்தின் பேஸ் எப்போதும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். அதை அப்படியே எடுத்த பேஸ் கிட்டாரில் உயிர் இருக்காது என்பதில் வியப்பில்லை. டாம் டிரம்முக்காகச் சுருதியைச் சட்டென்று கீழே இழுக்கும் சுரங்களும் அதே தடத்தில் இருக்கும். அவை பேஸ் வரிக்குள் கலந்துவிட்டால், தொடர்பே இல்லாத சுரம் ஒன்று நடுவில் குதிக்கும்.

வேகத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பழைய கருவிகள் திரையின் ஃப்ரேம் (திரையில் மாறும் ஒவ்வொரு படம்) கணக்கில் இசையை ஓட்டின. ஃபேமிகாமில் வினாடிக்குச் சுமார் 60.1 ஃப்ரேம். பதினாறாம் சுரம் (ஒரு அடியில் நான்கில் ஒரு பங்கு நீளம்) ஒவ்வொன்றும் 7 ஃப்ரேம் என்றால், நிமிடத்துக்கு 128.8 அடி வருகிறது. மென்பொருளில் 128 என்று முழு எண்ணாக வைத்துவிட்டு மூல ஒலியின் துண்டுகளை மேலே ஒட்டினால், மூன்று நிமிடத்தில் ஒரு நொடிக்கு மேல் விலகிவிடும். “கடைசியில் டிரம்ஸ் தள்ளாடுகிறது” என்ற குறைக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பிறகு வந்த சூப்பர் நின்டெண்டோ கருவியின் கதை வேறு. ஒரே நேரத்தில் ஒலிக்கும் எட்டு குரல்கள் உண்டு, சாம்பிள்களும் உண்டு. ஆனால் ஒலிக்கென்று இருந்த மொத்த நினைவகம் 64 கிலோபைட், அதற்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் வயலின் கூட்டம் என்பது ஒரு குட்டி லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு). உயர்ந்த அதிர்வெண்களும் மழுங்கியிருக்கும். அந்த மங்கலான இதத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள், புதிய சாம்பிள்களைக் கேட்டவுடன் “மூலத்தின் உணர்வு இல்லை” என்று எழுதிவிடுகிறார்கள். உணர்வு என்று சொல்வதை உடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் மென்மையாக்க வேண்டும் என்பதுதான் சொல்லவந்தது. அதைச் சொன்னால் செய்ய முடியும்.

இனி அமைப்பு. ஆட்டக்காரர் ஒரு கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பது தெரியாது. அதனால் மூல இசை சுழன்றுகொண்டே இருக்கும்படி எழுதப்பட்டது. பல மெட்டுகள் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் திரும்பத் தொடக்கத்துக்கு வந்துவிடும். அந்தச் சுழலை இரண்டு முறை ஓட்டி, கடைசியில் மெல்ல ஒலியைக் குறைத்து முடித்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. “ஒரே மாதிரி இருக்கு” என்ற பதில் இங்கே போதாது. “1:30 முதல் 2:15 வரை கேட்பது 0:30 முதல் 1:15 வரை கேட்டதன் நகல், டிரம்ஸ் கூட மாறவில்லை. இரண்டாவது சுற்றில் மெட்டை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிப் பாருங்கள், அல்லது மெட்டை விட்டுவிட்டு அதன் கீழே உள்ள கோர்டுகளை மாற்றுங்கள்” என்று சொல்லுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. சிலர் இரண்டு சுரத்தை எடுத்துக்கொண்டு முற்றிலும் புதிய பாட்டை எழுதிவிடுவார்கள். 1999-இல் தொடங்கிய ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸ் என்ற கேம் இசை ரீமிக்ஸ் இணையதளத்தின் விதிகளில், மூல இசை அடையாளம் தெரிய வேண்டும், ரீமிக்ஸில் அதுவே மேலோங்கியும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நீங்களும் ஒருமுறை நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு நிமிட ரீமிக்ஸில் மூலமெட்டு 40 நொடிதான் கேட்கிறது என்றால், அந்த எண்ணையே எழுதுங்கள். “ரொம்ப விலகிப்போச்சு” என்பதில் வாக்குவாதம் வரும், எண்ணில் வராது.

வாத்தியங்கள் போலியாக ஒலிக்கின்றன என்ற குறைக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடியவை. வெலாசிட்டி (சுரத்தை எவ்வளவு அழுத்தி வாசிப்பது என்ற எண்) 127 வரை போகலாம், ஆனால் எல்லாச் சுரமும் 100-இல் நிற்கும். எல்லாச் சுரமும் மென்பொருள் திரையில் தாளத்தைக் காட்டும் கட்டத்தின் கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். புல்லாங்குழல் மூச்சே விடாமல் பதினாறு தாளச் சுற்று வாசிக்கும். வயலினின் மிகத் தாழ்ந்த கம்பி 196 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே எழுதியிருப்பார்கள். டிரம்மர் ஒருவருக்குக் கை இரண்டுதான். ஸ்நேர், ஹைஹாட், கிராஷ் மூன்றும் ஒரே கணத்தில் குச்சியால் அடிபட முடியாது. வயலின் சாம்பிள்களில் ஒலி எழும்பவே கொஞ்ச நேரம் ஆகும் என்பதால், கோட்டில் சரியாக வைத்த சுரம் காதுக்குப் பிந்தியே கேட்கும். அந்தத் தடத்தை முழுவதுமாக 50 முதல் 100 மில்லிவினாடி வரை முன்னால் தள்ளினால் போதும், ‘தூங்கி வழிகிறது’ என்ற புகார் தீர்ந்துவிடும்.

மிக்ஸிங் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது. திரும்பத் திரும்பக் கேட்கும் இரண்டை மட்டும் சொல்கிறோம். எல்லா வாத்தியமும் 200 முதல் 500 ஹெர்ட்ஸில் குவிந்தால் போர்வை போர்த்தியதுபோல் இருக்கும். பேஸும் கிக் டிரம்மும் தவிர மற்றவற்றில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, ரிவெர்ப் ஒலி தனியாக வந்துசேரும் தடத்திலும் அதையே செய்ய வேண்டும். பலர் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அடுத்தது, சத்தமாக இருக்க வேண்டும் என்று லிமிட்டரை (ஒலியின் உச்சிகளை ஒரு எல்லைக்குள் அடக்கும் கருவி) அழுத்துவது. கிக் விழும்போதெல்லாம் மற்ற எல்லாம் உள்ளே இழுபட்டு மூச்சுவாங்கினால் அதுதான் அடையாளம். பல ஸ்ட்ரீமிங் சேவைகள் ஒலியளவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்-க்கு (காதுக்குப் படும் சத்தத்தின் அளவை) அருகில் கொண்டுவந்துவிடுகின்றன. அழுத்தியதால் அங்கே சத்தம் கூடப்போவதில்லை, துடிப்புதான் போய்விடும்.

எவ்வளவு சொல்வது என்பதிலும் கனிவு வேண்டும். முதல் ரீமிக்ஸ் என்றால் இரண்டு மூன்று குறை போதும், அதுவும் பெரியவை. மெட்டின் கீழே தப்பான பேஸ் சுரம் இருக்கும்போது ரிவெர்ப் நீளத்தைப் பற்றிப் பேசாதீர்கள். சுரம், அமைப்பு, வாசிப்பு, மிக்ஸ், மாஸ்டரிங் (முடிந்த பாட்டின் மொத்த ஒலியைச் சரிசெய்வது) என்ற வரிசையில் மேலே இருப்பதை முதலில் சொல்லுங்கள். நல்ல இடத்தையும் நேரத்தோடு குறிப்பிடுங்கள். இது மரியாதைக்காக மட்டுமில்லை. 2:05-இல் வரும் சிந்தசைசர் பகுதி பிரமாதம் என்று யாரும் சொல்லாவிட்டால், அடுத்த பதிப்பில் அவர் அதைத்தான் முதலில் நீக்குவார். “எனக்கு டப்ஸ்டெப் பாணி இசை பிடிக்காது” என்பதையும் சொல்லலாம், ரசனை என்று தனியாகக் குறித்துவிட்டு.

கருத்துக் கேட்பவர்களே, உங்களிடமும் சில வேண்டுகோள்கள். எந்த விளையாட்டின் எந்த இசை, வேலை எந்த நிலையில் இருக்கிறது, எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். அமைப்பு மட்டும் போட்ட வரைவை மாஸ்டரிங் குறை சொல்லிக் கிழிப்பது அந்த வரிகள் இல்லாததால்தான். பதில் வந்ததும் வாதாடாதீர்கள், புரியாததை மட்டும் கேளுங்கள். ஒருவர் “டிரம்ஸ் அதிகம்” என்கிறார், இன்னொருவர் “கிட்டார் கம்மி”, மூன்றாமவர் “ரிவெர்ப் ஜாஸ்தி” என்கிறார், மூவரும் சொல்வது 1:12-ஐத்தான் என்றால், அங்கே கோளாறு இருப்பது உறுதி; மருந்து மூன்றுமே தப்பாக இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, புதிய பெயரில் சேமித்து, பழையதோடு சமமான ஒலியளவில் வைத்துக் கேளுங்கள். அடுத்த பதிப்பை வெளியிடும்போது எந்தெந்த நொடியில் என்ன மாற்றினீர்கள், எந்த யோசனையை ஏன் ஏற்கவில்லை என்று சேர்த்து எழுதிவிடுங்கள். அப்போதுதான் 1:12-ஐச் சுட்டிக்காட்டியவர் நேராக அந்த இடத்துக்கே போய்க் கேட்டுவிட்டு, வயலின் கேட்கிறதா இல்லையா என்று உங்களுக்குச் சொல்ல முடியும்.

அன்புடன்,
ரீமிக்ஸ் செய்தும் கேட்டும் வரும் சிலர்