குகைச் சிக்கூரினாக்களின் சிற்றின எல்லை: சிலந்தி வகைப்பாட்டியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். டிக்டினிடே என்ற சிலந்திக் குடும்பத்தில் இருந்த சிக்கூரினா பேரினம் 2017-இல் குள்ள விரிப்புவலைச் சிலந்திகளின் குடும்பமான ஹானிடேவுக்கு மாற்றப்பட்டு, 2023-இல் சிக்கூரினிடே என்ற தனிக் குடும்பமாயிற்று. ஹானிடேவின் பெயருக்கு மூலமான ஹானியா பேரினத்தையும் அதன் நெருங்கிய உறவுகளையும் அடையாளம் காட்டுவது, ஆறு நூற்புறுப்புகளும் (பட்டு நூல் வெளிவரும் உறுப்புகள்) குறுக்கே ஒரே வரிசையில் நிற்கும் அமைப்பு. அது சிக்கூரினாவில் இல்லாததால், முதல் மாற்றம் நிலைக்காததில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் குடும்பப் பெயரைவிடச் சிற்றினத்தின் எல்லையே உடனடிக் கவனத்தைக் கோருகிறது. டெக்சஸின் பெக்சர் கவுன்டிக் குகைகளில் வாழும் கண்ணற்ற சிக்கூரினாக்கள் சில, 2000 டிசம்பரில் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. அவற்றில் ஒன்றான சிக்கூரினா வெனீ 2012-இல் சான் அன்டோனியோவின் நெடுஞ்சாலைப் பணியிடத்தில் தென்பட்டபோது வேலையே நின்றது. அந்தச் சட்டம் முதுகெலும்புள்ள விலங்குகளின் தனித்த கூட்டங்களைத் தனியே பாதுகாக்க இடம் தருகிறது; முதுகெலும்பிலிகளுக்கோ சிற்றினமும் துணைச் சிற்றினமும் மட்டுமே கணக்கு. ஆகவே நீங்கள் இரு பெயர்களை ஒன்றாக்கினால், ஒரு குகையின் சிலந்திகள் தமக்கெனப் பெற்றிருந்த சட்டத் தகுதியை இழக்கக்கூடும். சான்றில்லாமல் பிரித்து வைத்தாலோ அந்தப் பாதுகாப்பே கேள்விக்கு உள்ளாகும்.

இந்த எல்லைகள் இன்னும் உறுதியாகவில்லை. அமெரிக்கச் சிலந்தியியலாளர் வில்லிஸ் கெர்ட்ஷ் 1992-இல் வெளியிட்ட, இச்சிலந்திகளின் வகைப்பாட்டை மறுபரிசீலனை செய்த திருத்தாய்வு பெரும்பாலும் பெண் சிலந்திகளின் இனப்பெருக்க உறுப்பமைப்பைச் சார்ந்தது. குகைகளில் கிடைப்பவையோ பெரும்பாலும் இளம் சிலந்திகள், அவற்றில் அந்த உறுப்பு முதிர்ந்திருக்காது. மரபணு வரிசையால் அவற்றை இனங்காண முடியும் என்று 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது, அம்முறையின் இடர்களையும் அதுவே எச்சரித்தது.

எனவே என் வேண்டுகோள்: அருங்காட்சியகங்களில் உள்ள மூல மாதிரிகளிலிருந்தே (ஒரு சிற்றினத்துக்குப் பெயரிட அடிப்படையான மாதிரிகள்) டி.என்.ஏ. பெற முயலுங்கள்; உயிருள்ளவற்றைக் கொல்லாமல் ஒரு காலின் திசுவை மட்டும் எடுங்கள்; பெயரை இணைக்கும் ஒவ்வொரு கட்டுரையிலும் எந்தக் குகையின் எந்த மாதிரியைக் கொண்டு அம்முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும், ஆண் சிலந்தி அறியப்படாத சிற்றினம் எது என்பதையும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சிலந்திகளில் ஆர்வம் கொண்ட ஒரு வாசகர்